இறக்கையின் கீழ் நின்றவர்கள்

கண்டியிலிருந்து விடுமுறைக்கு வான் பிடித்து இரத்மலானை விமானப்படை நூதனசாலைக்குப் போகிற தமிழ்க் குடும்பங்கள் உண்டு. பிள்ளைகள் அங்கே பழைய விமானங்களைப் பார்க்கிறார்கள். பெரியவர்களுக்கு அவை பழைய விமானங்கள் மட்டும் அல்ல.

"இதே புக்காரா? இவ்வளவு சின்னனே?"

கேட்டவருக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். இடம்பெயர்ந்து வந்து, மகளைக் கண்டியில் கட்டிக்கொடுத்து, மகள் வீட்டிலேயே தங்கிவிட்டவர். பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் ஆவ்ரோவையும் டக்கோட்டாவையும் சுற்றி ஓடிவிட்டு, மூச்சு வாங்க அவரிடம் வந்து நின்றார்கள். அவர் அசையவில்லை. இரண்டு விசிறி, நீண்ட மூக்கு, உயர்ந்த வால் கொண்ட அந்த விமானத்தை முன்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அம்மம்மா, இந்தப் பிளேன் உங்களுக்குத் தெரியுமா?"

"சத்தம் தெரியும். மேல நிண்டு ஒரு சுத்துச் சுத்தும். பிறகு குத்திக்கொண்டு இறங்கும். இறங்கேக்க சத்தம் மாறும். அது மாறமுந்திப் பங்கருக்குள்ள போயிடோணும்."

பையன் விமானத்தைப் பார்த்தான், பாட்டியைப் பார்த்தான். பங்கர் என்றால் என்ன என்று கேட்டான். பக்கத்தில் வெள்ளைச் சீருடையில் ஒரு சிங்களப் பாடசாலையின் பிள்ளைகள் வரிசையாக நின்று, அதே விமானத்தின் முன் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இரத்மலானைக்குப் போகும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குள் இந்தப் பேச்சு ஏதோ ஒரு வடிவில் நடக்கிறது. வீட்டில் முப்பது வருடம் சொல்லப்படாத கதை, ஓர் இயந்திரத்தின் முன்னால் நின்றதும் வாய்க்கு வந்துவிடுகிறது. அந்தக் கதைக்கு இந்த நாட்டின் எந்த நூதனசாலையில் இடம் இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

பேராதனையில் தொடங்கும் வான்பாதை

கண்டியில் விமான நிலையம் கிடையாது. பொல்கொல்லை நீர்த்தேக்கத்தில் மிதவை விமானம் இறங்குகிறது, அவ்வளவுதான். ஆனாலும் தென்கிழக்காசியாவின் வான்போர் ஒருகாலத்தில் இந்த ஊரிலிருந்துதான் நடத்தப்பட்டது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு நேச நாடுகளின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தை டெல்லியிலிருந்து பேராதனைப் பூங்காவுக்கு மாற்றினார். மரங்களுக்கு நடுவே கொட்டகைகள் எழுந்தன. வாவிக்கரையின் ஹோட்டல் சுவிஸ் அதிகாரிகளால் நிறைந்தது.

அந்த மாதங்களில் இம்பால் முற்றுகையில் இருந்தது. சூழப்பட்ட படைக்கு அரிசியும் குண்டும் மருந்தும் டக்கோட்டா விமானங்களில் போயின. முற்றுகையிட்ட ஜப்பானியப் படையோடு இந்திய தேசிய இராணுவமும் நின்றது. அந்த இராணுவத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம். மழையிலும் பசியிலும் அவர்கள் பின்வாங்கி நடந்தபோது, அவர்களை எதிர்த்த படையின் வரைபடங்கள் விரிந்து கிடந்தது நாம் ஞாயிற்றுக்கிழமை சோற்றுப் பொதியோடு போய் உட்காரும் அதே புல்வெளியின் பக்கத்தில்தான். பேராதனைப் பூங்காவுக்குப் போகும் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அதே பூங்காவில் இன்னொரு விமானியின் தடமும் இருக்கிறது. விண்வெளிக்குப் போன முதல் மனிதரான யூரி ககாரின் 1961 டிசெம்பரில் இலங்கைக்கு வந்தபோது இங்கே ஒரு மரம் நட்டார். 1968 மார்ச் 27 அன்று அவர் உயிரிழந்தது மிக்-15 பயிற்சி விமானத்தின் விபத்தில். அதே வகைப் பயிற்சி விமானம் ஒன்று மூன்று ஆண்டுகள் கழித்து மிக்-17 போர் விமானங்களோடு இலங்கை விமானப்படைக்கும் வந்தது. அவற்றை ஏன் அவசரமாகக் கொண்டுவந்தார்கள் என்பதற்கு, கண்டியிலிருந்து கொழும்புக்குப் போகும் சாலையிலேயே பதில் இருக்கிறது.

கேகாலை வழியாக

கடுகண்ணாவை ஏற்றத்தைக் கடந்து வான் இறங்குகிறது. 2014இல் திறக்கப்பட்ட ரயில்வே நூதனசாலை அங்கே நிலையத்தின் பக்கத்திலேயே உண்டு. பிள்ளைகள் கேட்டால் அரை மணி நேரம் நிறுத்தலாம், பழைய நீராவி எஞ்சின்களுக்காக அது தகும். மாவனல்லையில் தேநீர். அடுத்தது கேகாலை.

1971 ஏப்ரல் கிளர்ச்சியில் ஜே.வி.பி. இளைஞர்கள் உறுதியாகக் காலூன்றி நின்ற மாவட்டங்களில் ஒன்று கேகாலை. அதுவரை அணிவகுப்புக்கும் பயிற்சிக்கும் பறந்த ஜெட் புரொவோஸ்ட் விமானங்கள் அந்த ஏப்ரலில்தான் முதல் தடவையாகத் தாக்குதலுக்குப் போயின. இலங்கை விமானப்படையின் ஆயுதங்கள் முதலில் பேசியது சிங்களக் கிராமங்களில் மறைந்திருந்த சிங்களப் பிள்ளைகளை நோக்கி. அரசு உதவி கேட்டது. சோவியத் யூனியன் மிக் விமானங்களையும் கமோவ் ஹெலிகொப்டர்களையும் தந்தது.

தமிழ் வாசகர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வானிலிருந்து தன் குடிமக்களை அடிக்கும் வழக்கம் இந்த நாட்டில் வடக்கில் தொடங்கவில்லை. அது தொடங்கிய இடங்கள் கொழும்பு-கண்டி பஸ்ஸின் ஜன்னலிலிருந்து தெரிகிற ரப்பர் தோட்டங்களும் குன்றுகளும். அங்கே பிள்ளைகளை இழந்த தாய்மாரின் பெயர்களும் எந்த விமானத்தின் பக்கத்திலும் எழுதப்பட்டதில்லை.

அதே மாவட்டத்துக்கு அதே படை வேறு முகத்தோடும் வந்திருக்கிறது. 2016 மே 17 அன்று அரநாயக்கவில் மலை சரிந்து வீடுகளை மூடியது. வெள்ளத்திலும் மண்சரிவிலும் மக்கள் சிக்கும்போதெல்லாம் தேடி வருவது விமானப்படை ஹெலிகொப்டர்தான். ஹெலிச் சத்தம் கேட்டால் வெளியே ஓடிவந்து கை காட்டுகிற பிள்ளை மலையகத்தில் வளர்ந்தவன். அதே சத்தத்துக்கு உள்ளே ஓடியவர்கள் வடக்கில் வளர்ந்தவர்கள். இன்று கண்டியில் ஒரே வீட்டில் இருவரும் இருக்கிறார்கள், ஒருவர் பேரன், மற்றவர் அம்மம்மா.

[பெட்டிச் செய்தி]
பயணத்துக்கு
கண்டியிலிருந்து இரத்மலானைக்கு ஏறத்தாழ 130 கிலோமீற்றர். கடுகண்ணாவை, கேகாலை, வரக்காப்பொல, நிட்டம்புவ வழியாக வந்து, கொழும்புக்குள் நுழைந்தபின் காலி வீதி. கொழும்பு நெரிசலையும் சேர்த்தால் நான்கு மணி நேரத்துக்குக் குறையாது, விடியற்காலையில் புறப்படுவது நல்லது. வான் வேண்டாம் என்பவர்கள் கண்டியிலிருந்து கோட்டைக்கு ரயிலில் வந்து, அங்கிருந்து கரையோர ரயிலைப் பிடிக்கலாம். நூதனசாலை விமானப்படையின் பொறுப்பில் இருப்பதால் தேசிய அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். பாடசாலைக் குழுக்களை அழைத்துப் போகும் ஆசிரியர்கள் முன்கூட்டியே தொடர்புகொண்டு நேரத்தை உறுதிசெய்வது முக்கியம்.

சென்னையிலிருந்து வந்த முதல் விமானம்

இரத்மலானை ஓடுதளத்தின் வரலாறே தமிழர்களுக்குச் சொந்தமான வரலாறு. 1935 நவம்பர் 27 அன்று அங்கே முதலில் வந்து இறங்கியது சென்னையிலிருந்து பறந்துவந்த ஒரு சிறிய பஸ்-மோத் விமானம். ஓட்டிவந்தவர் மதராஸ் பிளையிங் கிளப்பின் தலைமைப் பயிற்றுநர் டின்டேல் பிஸ்கோ. 1947 டிசெம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் பயணமும் இங்கிருந்தே தொடங்கியது. 'சீதா தேவி' என்று பெயரிட்ட டக்கோட்டா இரத்மலானையிலிருந்து கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி, சென்னைக்குப் போனது. நாடு சுதந்திரம் பெறுவதற்கு இரண்டு மாதம் முன்னால் கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் சென்னையையும் ஒரே கோட்டில் இணைத்த விமானம் அது. அந்தக் கோடு பின்னாளில் அறுந்ததும், 2019 ஒக்டோபர் 17 அன்று பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு சென்னை விமானம் மறுபடி வந்து இறங்கியதும் தனிக் கதை.

இரண்டாம் உலகப் போரில் இந்த ஓடுதளம் உயிர் காத்தது. 1942 ஏப்ரல் 4 அன்று, கொக்கலையிலிருந்து கேட்டலினா விமானத்தில் ரோந்து போன கனேடிய விமானி லெனார்ட் பெர்ச்சால், இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். செய்தி அனுப்பும்போதே சுடப்பட்டுக் கடலில் விழுந்து கைதியானார். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு காலை குண்டு வீச்சு. இரத்மலானையிலிருந்தும், கொழும்புக் குதிரைப் பந்தயத் திடலில் அமைத்த ஓடுதளத்திலிருந்தும் ஹரிகேன் விமானங்கள் எழும்பிச் சண்டையிட்டன. நான்கு நாள் கழித்துத் திருகோணமலைக்கும் அதே கதி. மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற விமானம்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அந்த உலகப் போரில் இறந்த கனேடியர், பிரித்தானியர், ஆபிரிக்கர், இந்தியர், இலங்கையர் பலர் கண்டிப் போர் மயானத்தில் இருக்கிறார்கள். புல் வெட்டி, கல் துடைத்து, ஒவ்வொரு பெயரும் படிக்கத்தக்கதாகப் பேணப்படுகிறது. நாடு கடந்து வந்து செத்தவர்களின் பெயர்களைக் காப்பாற்றத் தெரிந்த மண்தான் இது.

1951 மார்ச் 2 அன்று பிறந்த விமானப்படை, தன் பழைய விமானங்களை ஒதுக்கிப் பேணும் வேலையை 1993இல் இரத்மலானையில் ஆரம்பித்தது. 2009 நவம்பர் 5 அன்று அது முழுமையான நூதனசாலையாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. போர் முடிந்து ஆறு மாதம்கூட ஆகாத நேரம்.

பேணும் வேலையைக் குறைத்துச் சொல்லக்கூடாது. கடல் பக்கத்தில். உப்புக் காற்று அலுமினியத்தைத் தின்னும், ஈரம் கன்வஸை உப்ப வைக்கும், சக்கரத்தின் ரப்பர் பிளக்கும். எழுபது வருடத்துக்கு முந்திய ஒரு பாலியோல் விமானத்துக்கு உதிரிப்பாகம் வாங்க எங்கே போவது? இந்த விமானங்கள் நிற்கின்றன என்றால், பெயர் தெரியாத மெக்கானிக்குகள் பலர் அவற்றை நிற்க வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தக் கைகளுக்கு மரியாதை செலுத்தித்தான் மிச்சத்தை எழுதுகிறேன்.

[பெட்டிச் செய்தி]
தவறவிடக் கூடாதவை
சிப்மங்க்: புதிய படையின் முதல் பயிற்சி விமானம். பிள்ளைகளுக்கு இதிலிருந்து தொடங்கலாம், பறத்தலின் அடிப்படைகள் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.
பாலியோல்: ஸ்பிட்பயரின் மெர்லின் எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த எஞ்சின் இதற்கும். உலகில் எஞ்சியிருப்பவை மிகச் சில.
டக்கோட்டா: 1935 டிசெம்பர் 17 அன்று முதலில் பறந்த டி.சி.-3 வகை. வால் தாழ, மூக்கு உயர நிற்கும். இம்பாலுக்குச் சாமான் போட்டதும், யாழ்ப்பாணத்துக்குப் பயணிகளை ஏற்றியதும் இந்த வகைதான்.
ஜெட் புரொவோஸ்ட், மிக்-17: 1971ஐப் பற்றிப் பேச வேண்டிய இடம்.
புக்காரா: ஆர்ஜென்டினாவில் செய்தது. இரு எஞ்சின், முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கை. 1982 போக்லாந்து போரில் பறந்த வகை.

சத்தத்தால் அறிந்த விமானங்கள்

புக்காராக்கள் நான்கு வாங்கப்பட்டு, 1993இல் இலங்கையில் சேவைக்கு வந்தன. மூன்று இழக்கப்பட்டன. 1999இல் ஓய்வுபெற்ற கடைசி விமானம் நூதனசாலைக்கு வந்தது. ஆறே ஆண்டுகள். விமானப்படை வரலாற்றில் அது ஒரு சிறு அத்தியாயம். வலிகாமத்தில், தீவகத்தில், வன்னியில் அந்த ஆறு ஆண்டுகளுக்குள் பிறந்து நடக்கப் பழகிய பிள்ளைக்கு அதுவே வாழ்வு முழுவதும்.

வடக்கு மக்கள் விமானங்களைப் படிக்காமலே படித்தார்கள். இத்தாலியில் செய்த சியாய்-மார்செட்டியைச் 'சியாமாசெட்டி' ஆக்கினார்கள். பீப்பாய்க் குண்டு தள்ளிவிடும் சரக்கு விமானம் 'சகடை'. ஆளில்லா வேவு விமானம் 'வண்டு'. எது வந்தால் எவ்வளவு நேரம் இருக்கிறது, எது பதிந்து அடிக்கும், எது கண்டபடி போடும், எது பார்த்துவிட்டு மட்டும் போகும், போனபின் எது வரும் என்பதெல்லாம் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்தது. பாடசாலை முற்றத்தில் ஆங்கில 'எல்' எழுத்துப் போல வெட்டிய பங்கர். ஒரு முனையில் வெடித்தால் சிதறல் மறு முனைக்கு வராமல் இருக்க அந்த வளைவு. வீட்டில் பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை. அந்த அறிவு முழுவதும் இன்று எந்தப் பலகையிலும் இல்லை. வயதானவர்களோடு அது போய்க்கொண்டிருக்கிறது.

1995 ஜூலை 9. இராணுவத்தின் 'முன்னோக்கிய பாய்ச்சல்' நடவடிக்கை தொடங்கிய நாள். வலிகாமம் மேற்கிலிருந்து ஓடிவந்த சனம் நவாலியில் சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும், அருகே முருகன் கோயிலிலும் ஒதுங்கியது. கோயில், தேவாலயம் என்றால் அடிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை. மாலையில் குண்டுகள் விழுந்தன. வந்தது புக்காரா என்று கண்டவர்கள் சொன்னார்கள். செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு முதலில் 65 பேர் இறந்ததாகவும் 150 பேர் காயமடைந்ததாகவும் அறிவித்தது. பின்னர் எண்ணப்பட்டபோது இறந்தவர்கள் நூற்றிருபதுக்கு மேல். ஒவ்வொரு ஜூலையிலும் நவாலியில் அவர்களுக்காக மெழுகுவர்த்தி எரிகிறது. அந்தக் குண்டுகளுக்காக ஒருவர்கூட நீதிமன்றத்தில் தண்டிக்கப்படவில்லை.

ஒரு விமானத்தின் பக்கத்தில் அதன் வேகத்தையும் இறக்கை நீளத்தையும் எழுதுவது போதுமா? இறக்கையின் நீளம் பதினான்கரை மீற்றர் என்பது உண்மைதான். அந்த இறக்கையின் கீழ் எதைத் தொங்கவிட்டு எங்கே கொண்டுபோனார்கள் என்பதும் அந்த விமானத்தைப் பற்றிய உண்மையே. முதலாவதைப் பொறியியலாளர் அறிவார், இரண்டாவதை நவாலி அறியும். நூதனசாலை இரண்டையும் அறிந்திருக்க வேண்டும்.

மறுபக்கத்துத் தாய்மார்

இதைப் படிக்கும் சிங்கள நண்பர் ஒருவர் கேட்கக்கூடியது எனக்குத் தெரியும்: அங்கே நிற்கிற ஆவ்ரோ?

கேட்க வேண்டிய கேள்வி. 1995 ஏப்ரல் 28, 29 ஆகிய அடுத்தடுத்த இரண்டு நாட்களில் படையினரை ஏற்றிய இரண்டு ஆவ்ரோ விமானங்களைப் புலிகள் பலாலி அருகே ஏவுகணையால் வீழ்த்தினார்கள். தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் வீட்டுக்கு வருவதும் வீட்டிலிருந்து திரும்புவதுமாக இருந்த கிராமத்துப் பையன்கள். குருநாகலிலும் அநுராதபுரத்திலும் மூடிய பெட்டியை வாங்கிப் புதைத்த தாய்மார் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அதற்கும் முன்னால், 1978 செப்டெம்பர் 7 அன்று, இதே இரத்மலானையில் தரையில் நின்ற ஏர் சிலோன் ஆவ்ரோ குண்டு வைத்து அழிக்கப்பட்டது. 2007 மார்ச் 26 அன்று கட்டுநாயக்க வானிலும் 2009 பெப்ரவரி 20 அன்று கொழும்பு வானிலும் புலிகளின் சிறு விமானங்கள் வந்தபோது, அண்ணாந்து பார்த்துப் பயந்தது தெற்கின் முறை. இரண்டாவது தடவை ஒரு விமானம் உள்நாட்டு இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதியது.

நம்மவர்களையே கொன்ற விமானக் கதை ஒன்றும் உண்டு. அதைத் தமிழர்கள் தமிழர்களோடு பேசுவதே குறைவு.

1998 செப்டெம்பர் 29. பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் ஏர் அன்டனோவ் விமானத்தில் 48 பயணிகளும் 7 பணியாளர்களும் இருந்தார்கள். தரைப்பாதை அடைபட்டிருந்த காலம். கப்பலுக்குக் காத்துக் கிடக்க முடியாதவர்கள், கொழும்பில் வைத்தியம் பார்க்க வேண்டியவர்கள், விசாவுக்குப் போகிறவர்கள் ஏறினார்கள். மன்னாருக்கு வடக்கே கடலுக்கு மேல் விமானம் காணாமல் போனது. புலிகளின் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது என்று அரசு சொன்னது. பயணிகள் தமிழர்கள். எந்தப் பக்கமும் அவர்களைத் தன் தியாகிகள் பட்டியலில் சேர்க்கவில்லை. வருடங்கள் கழித்து, 2012இல், இரணைதீவுக் கடலடியில் சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்டன. மேலே கொண்டுவரப்பட்ட உடைகளும் சில்லறைப் பொருட்களும் யாழ்ப்பாணத்தில் உறவினர்கள் பார்த்து அடையாளம் காண வைக்கப்பட்டன. பதினைந்து வருடம் உப்பில் கிடந்த ஒரு சட்டையைத் தொட்டு, இது அவருடையதுதான் என்று சொல்ல வந்தவர்கள் இருந்தார்கள்.

அந்த விமானம் போய்ச் சேர வேண்டியிருந்த இடம் இரத்மலானை. இன்று நூதனசாலைக்குப் போகிறவர் அந்த ஓடுதளத்தின் ஓரத்தில்தான் நிற்கிறார். அவர்களுடைய பெயர்ப்பலகை இருக்க வேண்டிய ஊர் இதைவிட வேறு எது?

[பெட்டிச் செய்தி]
மலையகத்தின் விமான நினைவு
1974 டிசெம்பர் 4 இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து மக்காவுக்குப் போகும் யாத்திரிகர்களோடு கொழும்பை நோக்கி வந்த மார்ட்டின்ஏர் டி.சி.-8 விமானம், மஸ்கெலியா, நோட்டன் பிரிட்ஜ் பகுதியில் ஏழு கன்னியர் மலையில் மோதியது. பயணிகள் 182, பணியாளர்கள் 9. ஒருவரும் பிழைக்கவில்லை. இலங்கை மண்ணில் நடந்த மிகப் பெரிய விமான விபத்து இதுவே. நோட்டன் பிரிட்ஜில் அந்த விமானத்தின் டயர் ஒன்றும், இறந்தவர்களுக்கான நினைவுக்கல்லும் உள்ளன. கண்டியிலிருந்து அட்டன் வழியாகப் போகலாம். நூதனசாலைக்குக் கிளம்பும் கண்டிக் குடும்பங்கள் இன்னொரு வார இறுதியை இதற்கும் ஒதுக்குங்கள். டயர் ஒன்றும் கல் ஒன்றும்தான். ஆனாலும் இறந்தவர்களைச் சொல்கிற இடம் அது.

வோஷிங்டனில் நடந்ததும் பொலோனாவில் நடந்ததும்

இந்தப் பிரச்சினை நமக்கு மட்டும் உரியது அல்ல. ஹிரோஷிமாவில் அணுகுண்டு போட்ட 'எனோலா கே' விமானத்தை வோஷிங்டன் தேசிய வான்வெளி நூதனசாலை 1995இல் காட்சிக்கு வைக்கத் திட்டமிட்டது. விமானத்தோடு, குண்டு விழுந்த நகரங்களின் படங்களையும் இறந்தவர்களின் பொருட்களையும் வைப்பது முதல் திட்டம். முன்னாள் படைவீரர் அமைப்புகள் கொதித்தன, காங்கிரஸ் தலையிட்டது. முழுக் கண்காட்சி கைவிடப்பட்டு, இயக்குநர் மார்ட்டின் ஹார்விட் அந்த மே மாதம் பதவி விலகினார். 2003இல் முழு விமானமும் புதிய மண்டபத்தில் வைக்கப்பட்டபோது, ஹிரோஷிமாவில் உயிர் தப்பிய முதியவர்கள் அமெரிக்காவுக்கே போய் நின்று கேட்டார்கள்: இறந்தவர்களின் எண்ணிக்கையை ஏன் எழுதவில்லை? அவர்கள் விமானத்தை அகற்றச் சொல்லவில்லை. அருகில் ஒரு வரி கேட்டார்கள்.

இத்தாலியில் வேறு விதமாக நடந்தது. 1980 ஜூன் 27 அன்று உஸ்திக்கா தீவருகே கடலில் விழுந்த பயணிகள் விமானத்தில் 81 பேர் இறந்தார்கள். காரணம் பற்றிப் பல்லாண்டுகள் மூடிமறைப்பும் வழக்கும். உறவினர்கள் விடவில்லை. கடலடியிலிருந்து எடுத்த துண்டுகளைச் சேர்த்து, அந்த விமானத்தையே பொலோனா நகரில் ஒரு மண்டபத்தில் நிறுத்தினார்கள். 2007இல் திறந்தார்கள். கலைஞர் கிறிஸ்டியான் போல்தான்ஸ்கி கூரையிலிருந்து 81 விளக்குகளைத் தொங்கவிட்டார். அவை மூச்சு விடுவதுபோல மங்கி, ஒளிர்கின்றன. சுற்றிலும் 81 கறுப்புக் கண்ணாடிகள், அவற்றின் பின்னாலிருந்து மெல்லிய குரல்கள். யார் வீழ்த்தினார்கள் என்ற வழக்கு முடியும்வரை அந்த நகரம் காத்திருக்கவில்லை. இறந்தவர்கள் இத்தனை பேர் என்பதற்குத் தீர்ப்புத் தேவை இல்லையே.

லயன் ஏர் சிதைவுக்கு இதைவிட நெருக்கமான முன்மாதிரி உலகில் எனக்குத் தெரிந்து வேறில்லை. கடலடியில் கிடந்த விமானம், தெளிவு கிடைக்காத குடும்பங்கள், பெயர்கள் உண்டு. மண்டபம் மட்டும் இல்லை.

ஆசிரியர்கள் செய்யக்கூடியது

விமானப்படையிடம் கேட்பது ஒருபுறம் இருக்கட்டும். கண்டியிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் நாளைக்கே செய்யக்கூடியவை இருக்கின்றன.

பெரும்பாலான பாடசாலைச் சுற்றுலாக்களில் நூதனசாலை ஒரு மணி நேர நிறுத்தம். தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்கும் கல்கிசைக் கடற்கரைக்கும் இடையில் ஒரு புள்ளி. அந்த ஒரு மணியைச் சும்மா விடாதீர்கள். புறப்படுவதற்கு முதல் நாள், வீட்டில் உள்ள வயதானவரிடம் ஒரு கேள்வி கேட்டு வரும்படி பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்: நீங்கள் சின்ன வயதில் பார்த்த விமானம் எது? கண்டியில் ஒரு வகுப்பில் இந்தக் கேள்வியைப் போட்டால் வரும் பதில்களை எண்ணிப் பாருங்கள். யாழ்ப்பாணத்துப் பேத்தி ஒருத்தி பங்கரோடு வருவாள். மஸ்கெலியாவில் சொந்தம் உள்ளவனிடம் 1974 டிசெம்பர் இரவு இருக்கலாம். மாவனல்லை, கேகாலைப் பிள்ளையின் பெரியப்பா 1971இல் திரும்பி வராமல் போனவராக இருக்கலாம். தாத்தா வளைகுடாவுக்குப் போய் வந்த விமானத்தைச் சொல்கிறவனும் இருப்பான், அதுவும் வேண்டும். பிறகு அந்தப் பிள்ளைகளை இரத்மலானைக்குக் கொண்டுபோங்கள். சிப்மங்கின் இறக்கையையும் மெர்லின் எஞ்சினையும் அவர்கள் ஆசையோடு பார்க்கட்டும். பறத்தல் அற்புதமான விஷயம், அதை எந்தப் பிள்ளையிடமிருந்தும் பறிக்க எனக்கு விருப்பம் இல்லை. விமானி ஆகவேண்டும், விமானப் பொறியியல் படிக்கவேண்டும் என்ற ஆசை ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு அங்கே பிறந்தால் அதைவிட நல்ல பயணம் கிடையாது. புக்காராவின் முன் வந்ததும், அம்மம்மாவிடம் கேட்டு வந்ததை அந்தப் பிள்ளை மற்றவர்களுக்குச் சொல்லட்டும். மும்மொழியும் தெரிந்த ஆசிரியர் இருந்தால் பக்கத்து வரிசைச் சிங்களப் பிள்ளைகளுக்கும் கேட்கும்.

படையிடம் கேட்க வேண்டியது எளிமையானது, பெரிய செலவும் இல்லாதது. நூதனசாலை வளாகத்துக்குள் ஒரு தனி அறை. அதில் 1942 ஈஸ்டர் குண்டுவீச்சில் இறந்த கொழும்பு மக்கள் இருக்கட்டும். 1971 ஏப்ரலின் கிராமங்கள் இருக்கட்டும். 1995 ஏப்ரலில் ஆவ்ரோக்களில் இறந்தவர்களின் பெயர்கள், அதே ஆண்டு ஜூலையில் நவாலியில் இறந்தவர்களின் பெயர்கள், லயன் ஏர் பயணிகள், பணியாளர்கள் 55 பேரின் பெயர்கள். சிங்களத்தில், தமிழில், ஆங்கிலத்தில். யார் சரி என்று அந்த அறை சொல்ல வேண்டாம். பெயர், வயது, ஊர், திகதி போதும். வடக்கிலிருந்து ஒரு பங்கரை அளவெடுத்து, பனங்குற்றியோடும் மண்மூட்டையோடும் அதே அளவில் கட்டி, புக்காராவுக்கு எதிரே வைக்கலாம். பிள்ளைகள் விமானி இருக்கையை எட்டிப் பார்க்கிறதுபோல அதற்குள்ளும் இறங்கிப் பார்க்கலாம்.

பங்கர் கட்டத் தெரிந்தவர்கள், விமானத்தைச் சத்தத்தால் பிரித்தறிந்தவர்கள் பலருக்கு இப்போது எழுபது வயது. அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளும் வேலையை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் பேராதனைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்யலாம், விமானப்படையின் அனுமதி அதற்குத் தேவையில்லை. அறை கட்டப்படும் நாளில் சுவரில் எழுதுவதற்குச் சொற்கள் தயாராக இருக்க வேண்டும் என்றால் அந்த வேலை இந்த விடுமுறையிலேயே தொடங்க வேண்டும்.